ஆலங்கட்டி அடிச்ச பிளம்ஸ்: கொடைக்கானல் மலையில ஒரு குடும்பத் தோட்டத்தோட ஒரு சீசன்

இது 2025 தை மாசக் கடைசில ஆரம்பிச்சு அடுத்த பூ வரைக்கும் எங்க பக்கத்துத் தோட்டத்துல நடந்தது. நான் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து நிலம், எனக்கும் கொஞ்சம் பேரி மரம் இருக்கு, காய் எண்ணுனப்பவும் சந்தையிலயும் கூடவே இருந்தேன். அவங்க நோட்டுல எழுதி வெச்ச கணக்கைத்தான் இங்க போட்டிருக்கேன், அவங்க சம்மதத்தோட. பேரு, ஊரு எதுவும் வேண்டாம்னு சொன்னாங்க, அதனால வில்பட்டி, பள்ளங்கி பக்கம்னு மட்டும் வெச்சுக்கங்க.

பின்னணி

ரெண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, சரிவான நிலம். பிளம்ஸ் மரம் 62, நாட்டுப்பேரி ஒரு 15, மரத்துக்கு நடுவுல பட்டர் பீன்ஸ், முள்ளங்கி, நூக்கல். வீட்டுல நாலு பேரு: பெரியவர், அவரு சம்சாரம், மகன், மருமகள். மகன் கொடைக்கானல்ல டாக்சி ஓட்டுறாரு, ஏப்ரல் மே ரெண்டு மாசம்தான் அவருக்கு வருமானமே. மருமகள் வத்தலக்குண்டு பக்கத்துல இருந்து வந்தவங்க, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடையில கணக்கு எழுதிட்டு இருந்தவங்க.

இங்க பிளம்ஸ் தோட்டம் வெச்சிருக்கிற நிறையப் பேரு பண்ற மாதிரியே இவங்களும் மரத்துல பூ இருக்கும்போதே குத்தகைக்கு விட்டுடுவாங்க. குத்தகைக்காரர் தை கடைசிலயோ மாசிலயோ வருவாரு, மரத்தைச் சுத்திப் பார்ப்பாரு, ஒரு தொகை சொல்லுவாரு, பாதிக்குக் கொஞ்சம் குறைவா அட்வான்ஸ் குடுப்பாரு. அதுக்கப்புறம் காவல், பறிப்பு, பெட்டி, வண்டி எல்லாம் அவரு பாடு. இருபது வருஷத்துக்கு மேல இப்படித்தான். குத்தகையைத் தப்புன்னு நான் சொல்ல வரல. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்துல கைக்கு மொத்தமா வர்ற காசு அது. ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, அதுக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன். இருபது வருஷமா தன்னோட தோட்டத்துல எத்தனை கிலோ காய்க்குதுன்னு அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. எடை போட்டதே இல்ல. பெரியவர்கிட்ட நான் கேட்டப்ப, "ஒரு ஐந்நூறு அறுநூறு கிலோ தேறும்ப்பா"ன்னாரு.

மாசி: பூவும் பேச்சும்

அந்த வருஷம் பூ நல்லா வந்துச்சு. மார்கழில இலை மொத்தமும் கொட்டி, கவாத்து பண்ணி, மொட்டு விடுறதுக்கு முன்னாடியே போர்டோ கலவைங்கிற பூஞ்சாண மருந்தை அடிச்சிருந்தாங்க (100 லிட்டர் தண்ணிக்கு மயில்துத்தம்ங்கிற செம்பு உப்பு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ). தை கடைசில இலை இல்லாத குச்சி முழுக்க வெள்ளையா நின்னுச்சு, பகல்ல வெயில் அடிச்சதால தேனீயும் வந்துச்சு. பூ நேரத்துல மூடுபனி விடாம இருந்தா தேனீ வெளிய வராது, காய்பிடிப்பு போயிடும், அந்த பயம் இந்த தடவை இல்ல.

குத்தகைக்காரர் 55,000 சொன்னாரு. போன வருஷத்தை விட 5,000 கூட. பெரியவர் தலையாட்டப் போற நேரத்துல மருமகள்தான், "மாமா, இந்த ஒரு வருஷம் நாமளே பறிச்சுப் பார்ப்போமா"ன்னு கேட்டாங்க. அவங்க சொன்ன காரணம் எளிமையானது, குத்தகைக்காரர் வருஷா வருஷம் திரும்பி வர்றாருன்னா அவருக்கு அதுல மிச்சம் இருக்கு, அது எவ்வளவுன்னு நமக்குத் தெரியணும். மகன் தயங்குனாரு, மே மாசம் டாக்சியை விட்டுட்டு மரத்துல ஏற முடியாதுன்னாரு. பெரியவரோட சம்சாரம் ஒண்ணுமே சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு பெரியவரே குத்தகைக்காரருக்கு ஃபோன் பண்ணி இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஏன் மனசு மாறுச்சுன்னு அவரு இதுவரைக்கும் சொல்லல, நானும் கேக்கல.

அதே வாரம் அவங்களுக்கு மேல இருக்கிற இன்னொரு தோட்டம், கிட்டத்தட்ட அதே அளவு மரம், 50,000க்குப் போச்சு, அட்வான்ஸ் 20,000. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

பங்குனி: நல்லா போன நாட்கள்

பங்குனில காய் கோலிகுண்டு அளவுக்கு வந்துச்சு. ஒரே கொத்துல நாலு அஞ்சு காய் இருந்தா ரெண்டை எடுத்துடணும், அப்பதான் மிச்சது பருக்கும்னு நான் சொன்னேன். பெரியவருக்கு மனசு வரல, காய்ச்ச காயை யாராச்சும் கிள்ளுவாங்களான்னாரு. விட்டுட்டாங்க. பட்டர் பீன்ஸ் கொடியேறிடுச்சு. காட்டுமாடு ஒரு ராத்திரி கம்பியைத் தள்ளிட்டு உள்ள வந்து மூணு சின்ன மரத்தை முறிச்சுப் போட்டுச்சு, அது இங்க எல்லாருக்கும் உள்ளது.

இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்கிற அனுமதி, அந்தப் பேச்சும் அப்ப வீட்டுல ஓடுச்சு. 2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து கொடைக்கானலுக்கு வாரநாள்ல 4,000 வண்டி, வாரக்கடைசில 6,000 வண்டின்னு வரம்பும் வந்துச்சு. விவசாயச் சரக்கு வண்டிக்குத் தடை கிடையாது, ஆனா டாக்சி ஓட்டுற மகனுக்கு ஒரே கவலை, டூரிஸ்ட்டு குறைஞ்சா பழம் யாரு வாங்குவான்னு. அதனால ரோட்டோரம் கடை போட்டு டூரிஸ்ட்டை மட்டும் நம்புற யோசனையை விட்டுட்டு, பாதி கீழ கமிஷன் மண்டிக்கு, பாதி ஞாயித்துக்கிழமை சந்தைக்குன்னு முடிவு பண்ணாங்க, சந்தைக்கு பஸ்ஸுல வர்ற டூரிஸ்ட்டாவது வருவாங்கன்னு நெனச்சாங்க. அந்த முடிவு சரியா போனதுக்குக் காரணம் அவங்க நெனச்சது இல்ல, அதைப் பின்னாடி சொல்றேன்.

சித்திரை: ஆலங்கட்டி விழுந்த மதியம்

சித்திரை முதல் வாரம். மதியம் ரெண்டரை இருக்கும், பேரிஜம் ஏரி பக்கம் கருத்துட்டு வந்துச்சு, கோடை மழைதானேன்னு நான் மாட்டைக் கூட அவுக்கல. முதல்ல பெரிய பெரிய துளி, அப்புறம் தகரத்துல கல்லெறியிற மாதிரி சத்தம். சுண்டைக்காய் அளவுல ஆரம்பிச்சு நெல்லிக்காய் அளவுக்கு வந்துச்சு. பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல இல்ல. நின்னதும் ஓடிப் போய்ப் பார்த்தேன், வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையா குவிஞ்சு கிடக்கு, அது மேல கிழிஞ்ச இலை, பச்சைக்காய், பச்சை இலை நசுங்குன வாசனை தோட்டம் பூரா. பட்டர் பீன்ஸ் கொடில இலையே இல்ல, நரம்பு மட்டும் தொங்குது. பெரியவர் திண்ணைல தோட்டத்துக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தாரு. அவரு சம்சாரம் மரத்துக்கு அடில போய் விழுந்த காயைக் கூடையில பொறுக்கிட்டு இருந்தாங்க. எதுக்கும் ஆகாத காய்தான், அவங்களுக்கும் தெரியும், ஆனா கை சும்மா இருக்க முடியல போல. அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

எங்க சரிவுலயும் மேல் தோட்டத்துலயும்தான் அடிச்சுது. ஒரு கிலோமீட்டர் தள்ளி வெறும் மழை.

மருமகள் அன்னைக்கு ஃபோன்ல எடுத்தது ரெண்டே படம், ரெண்டும் வாசல்ல கிடந்த ஐஸ். மரத்தையும் காயையும் யாரும் எடுக்கல.

அடுத்த நாலு நாள்: எடுத்த முடிவும் எடுக்காத முடிவும்

முதல் நாலு நாள் ஒண்ணும் பண்ணல. மரம் தானா ஆறிக்கும், தொடக்கூடாதுன்னு பெரியவர் சொன்னாரு. அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு உடனே போர்டோ அடிங்கன்னாங்க. நல்ல வேளை அடிக்கல. இலை இல்லாத காலத்துல பிளம்ஸுக்கு நல்லது பண்ற அதே செம்பு மருந்து இலை விட்ட மரத்துல பட்டா இலையைக் கருக்கிடும், ஏற்கனவே கிழிஞ்சு கிடக்கிற இலைக்கு அது இன்னும் மோசம். அஞ்சாவது நாள் தோட்டக்கலைத் துறைல இருந்து ஒருத்தர் வந்து பார்த்து இதையேதான் சொன்னாரு. செம்பு வேண்டாம், ஆழமா காயம் பட்ட காயை முதல்ல மரத்துல இருந்து இறக்குங்க, அது அழுகி பக்கத்துக் காய்க்கும் பரவும், வேற ஒரு பூஞ்சாண மருந்து ஒரே ஒரு தடவை, அதுவும் பறிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை நாள் விடணும்னு டப்பாவுல போட்டிருக்கோ அதை எண்ணி அடிங்கன்னாரு.

அன்னைக்கு சாயங்காலமே எண்ணுனோம். தோட்டத்துல அங்கங்க அஞ்சு மரம், ஒரு மரத்துக்கு கண்ணை மூடிட்டு கைக்கு வந்த 50 காய், மொத்தம் 250. அதுல 70 காய் அடியே படல. 110 காய்ல தோல்ல மட்டும் காயம், பிசின் கசிஞ்சு காய ஆரம்பிச்சிருந்துச்சு, இது போகப்போக சொரசொரப்பா தழும்பாகி நிக்கும், உள்ள ஒண்ணும் ஆகாது. மிச்சம் 70 காய் சதை வரைக்கும் பிளந்துபோச்சு. நூத்துக்கு 28 இறக்கணும். எண்ணி முடிச்சதும்தான் பெரியவர் முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு. அதுவரைக்கும் அவரு மொத்தமும் போச்சுன்னே நெனச்சிட்டு இருந்திருக்காரு.

இறக்குற வேலை ஆறு நாள் ஆச்சு. வீட்டு ஆளுங்க, கூட கூலிக்கு ரெண்டு பேரு. இறக்குன காயை மரத்தடில போடாம குழி வெட்டி ஆழமா புதைச்சாங்க, இல்லன்னா பழ ஈ அதுலயே பெருகும். பங்குனில கிள்ள மனசு வராத காயெல்லாம் இப்ப வேற வழியில்லாம குறைஞ்சுது, மிச்சம் நின்ன காய் வைகாசில நல்லாவே பருத்துச்சு.

நிவாரணம் கேட்டது

பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா பேரிடர் நிவாரணத்துல ஹெக்டேருக்கு ஒரு தொகை உண்டுன்னு அப்ப விதி இருந்துச்சு, மரப்பயிருக்கு 22,500, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும். எழுதிக் குடுத்தாங்க. ரெண்டு இடத்துல மாட்டுச்சு. ஒண்ணு, ஆழமா காயம் பட்டது 28, மரத்துல இருந்து அன்னைக்கே கீழ விழுந்த காயைச் சேர்த்தா 33ஐத் தாண்டியிருக்கும்னு எனக்குத் தோணுது, ஆனா விழுந்ததை எண்ணவும் இல்ல, படமும் இல்ல, அத்தனையையும் கூடையில அள்ளிக் கொட்டியாச்சு. இன்னொண்ணு, பட்டா இன்னும் பெரியவரோட அப்பா பேருல, கூட்டுப்பட்டாவா இருந்துச்சு, அவரு இறந்து பதினாலு வருஷம் ஆச்சு. யாரையும் குறை சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்ல, காகிதம் இவங்க பக்கம்தான் சரியா இல்ல. பணம் வரல.

வைகாசி: பறிப்பு

மே நடுவுல பறிப்பு ஆரம்பிச்சுது. மண்டிக்குப் போறதை செங்காயா பறிக்கணும், காட் ரோடுங்கிற மலைப்பாதைல இறங்கி, மண்டில ஒரு ராத்திரி கிடந்து, கடைக்குப் போய்ச் சேர மூணு நாலு நாள் ஆகும். சந்தைக்குப் போறதை மரத்துலயே முக்கால்வாசிக்கு மேல பழுக்க விடலாம், ருசியே வேற. மகன் முதல் நடை சரக்கை பளபளன்னு இருக்கட்டும்னு துணியால துடைச்சு அடுக்கிட்டாரு. பிளம்ஸ் மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்கும், அது பழத்துக்குக் காவல், புதுசா பறிச்சதுன்னு வியாபாரி அதைப் பார்த்துதான் நம்புவாரு. துடைச்ச சரக்கைப் பழைய சரக்குன்னு சொல்லி மண்டில 15 ரூபா குறைச்சுட்டாங்க. அடுத்த நடைல இருந்து பனி காஞ்சப்புறம் காம்போட பறிச்சு, கை படாம நேரா ட்ரேல வெச்சாங்க. அடிபடாத பழம் மட்டும்தான் மண்டிக்குப் போச்சு, மொத்தம் 310 கிலோ, சராசரி 85 ரூபா.

தழும்பு பழத்தை மண்டிக்காரர் ஃபோட்டோவுல பார்த்தே வேண்டாம்னுட்டாரு. அனுப்புனா வண்டி வாடகைக்குக்கூடத் தேறாதுன்னாரு. அவரு சொன்னது நியாயம்தான், அவருக்குக் கீழ வாங்குறவங்க கண்ணால பார்த்து பெட்டியா எடுக்கிறவங்க, வாயில போட்டுப் பார்க்கிறவங்க இல்ல.

மூணு ஞாயித்துக்கிழமை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன், நான் கத்துக்கிட்டது நிறைய இங்கதான்.

முதல் ஞாயிறு ரெண்டு குவியல் போட்டாங்க. இந்தப் பக்கம் நல்ல பழம் கிலோ 150, அந்தப் பக்கம் தழும்பு பழம் கிலோ 60. கொண்டு போனது நல்லது 40 கிலோ, தழும்பு 60 கிலோ. நல்ல பழம் பதினோரு மணிக்குள்ள தீர்ந்துபோச்சு. தழும்பு பழம் 22 கிலோதான் போச்சு, விலை பாதிக்கும் கீழ இருந்தும். வர்றவங்க ரெண்டையும் மாறி மாறிப் பார்ப்பாங்க, "இது என்ன நோயா, மருந்து அடிச்சதா"ன்னு கேப்பாங்க, மகன் இல்லங்க இல்லங்கன்னு சொல்லுவாரு, போயிடுவாங்க. ஒரு அம்மா கையில எடுத்ததை மறுபடி கீழ வெச்சுட்டு, "ஓரங்கட்டுனதை எங்க தலையில கட்டாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. மருமகள் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

அந்த வாரம் அவங்க யோசிச்சது இதுதான்: நல்ல குவியல் பக்கத்துல இருக்கிற வரைக்கும் இது கழிவாத்தான் தெரியும், விலையைக் குறைக்கக் குறைக்க சந்தேகம்தான் கூடும். அதனால ரெண்டாவது ஞாயிறு நல்ல பழத்தைக் கொண்டே போகல. தழும்பு பழம் மட்டும், விலையை 60ல இருந்து 90க்கு ஏத்திட்டாங்க. எனக்கு அது சரியா படல, வாய் விட்டே சொன்னேன். ஒரு அட்டைல, "எங்க தோட்டத்துல சித்திரைல ஆலங்கட்டி அடிச்ச பிளம்ஸ். மேல தழும்பு, உள்ள நல்ல பழம். அறுத்துப் பார்த்துட்டு வாங்குங்க"ன்னு எழுதி வெச்சாங்க. பக்கத்துல தட்டு, கத்தி. கேக்குறவங்க கையில இருக்கிற பழத்தையே அறுத்துக் குடுத்தாங்க, தாங்களா ஒண்ணைத் தேடி எடுத்து அறுக்கல. அது முக்கியம்னு நான் நெனக்கிறேன்.

காலைல கொஞ்சம் மந்தம். பத்து மணிக்கு மேல ஆளு நிக்க ஆரம்பிச்சாங்க. வாங்குனது பெரும்பாலும் டூரிஸ்ட்டு இல்ல. சுத்துப்பட்டு ஊர்ல இருந்து வாரச்சாமான் வாங்க வந்தவங்க, எஸ்டேட்ல வேலை பாக்குறவங்க, சின்ன மெஸ் நடத்துறவங்க. இவங்க தோட்டத்துலயும் என்னைக்காவது ஆலங்கட்டி விழுந்திருக்கும். ஒரு பெரியவர் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எந்தப் பக்கம் அடிச்சுது, வில்பட்டியா"ன்னு கேட்டு அஞ்சு கிலோ வாங்கிட்டுப் போனாரு. இ-பாஸ் கவலைல சந்தையைத் தேர்ந்தெடுத்தது கடைசில இப்படித்தான் கை குடுத்துச்சு, அவங்க எதிர்பார்த்தது பஸ்ஸுல வர்ற டூரிஸ்ட்டை, வந்தது மலைக்காரங்க. கொண்டு போன 150 கிலோவும் மூணு மணிக்குள்ள தீர்ந்துச்சு.

மூணாவது ஞாயிறு 220 கிலோ கொண்டு போனாங்க, மழை பிடிச்சுக்கிச்சு, சந்தையே கலைஞ்சுபோச்சு. 148 கிலோ போச்சு. மிச்சம் 72 கிலோ நல்லா பழுத்தது, இன்னொரு ஞாயிறு தாங்காது. ஏற்கனவே வீட்டுல முதல் வாரத்து மிச்சமும் சேர்த்து கனிஞ்சது கிடந்துச்சு. நல்லதாப் பொறுக்கி 140 கிலோவை ஜாம் போடுற ஒரு அம்மாவுக்கு கிலோ 30ன்னு குடுத்தாங்க. நாமளே ஜாம் போட்டு வித்தா என்னன்னு மகன் கேட்டாரு, உணவுப் பாதுகாப்புத் துறைல பதிவு எடுக்காம, பாட்டிலைச் சரியா கொதிக்க வெச்சுப் பழகாம சந்தையில விக்கக் கூடாதுன்னு மருமகள் சொல்லிட்டாங்க. நானும் அதே கட்சி.

இன்னொரு சின்ன விஷயம். முதல் வாரம் கொண்டு போன எலக்ட்ரானிக் தராசுல அரசு முத்திரை இல்ல. யாரும் கேக்கல, ஆனா பெரியவருக்கு உறுத்துச்சு, அடுத்த வாரம் முத்திரை போட்ட தராசை இரவல் வாங்கிட்டுத்தான் போனாங்க.

கணக்கு

மண்டிக்கு 310 கிலோ, 26,350. சந்தையில நல்ல பழம் 40 கிலோ, 6,000. தழும்பு பழம் முதல் வாரம் 22 கிலோ, 1,320, அடுத்த ரெண்டு வாரம் 298 கிலோ, 26,820. ஜாமுக்கு 140 கிலோ, 4,200. ஆக வித்தது 810 கிலோ, வந்தது 64,690. குருவி கொத்துனது, அணில் கடிச்சது, அழுகுனதுன்னு தூக்கிப் போட்டது 90 கிலோ, அதையும் எடை போட்டுத்தான் புதைச்சாங்க.

செலவு, கமிஷன் 2,635, கீழ அனுப்புன வண்டி 1,550, ட்ரே 1,200, காய் இறக்குன கூலி 7,200, பறிப்புக் கூலி 4,800, மருந்து 1,100, சந்தைக்கு ஆட்டோவும் சுங்கமும் 1,800. மொத்தம் 20,285. கைல நின்னது 44,405.

குத்தகைக்காரர் சொன்னது 55,000. நேராப் பார்த்தா 10,000க்கு மேல நஷ்டம். இதை மறைச்சு எழுத எனக்கு விருப்பமில்ல, நாமளே வித்தா லாபம்னு சொல்றவங்க பல பேரு வீட்டு ஆளுங்க உழைப்பைக் கணக்குல சேர்க்கிறதே இல்ல. இவங்க நாலு பேரும் சேர்ந்து போட்டது 70 ஆள் நாள். கூலிக்கு வந்தவங்களுக்குக் குடுத்த 600 ரூபாயையே வெச்சுப் பார்த்தா 42,000. மிச்சம் 2,405 ரூபா. மகன் சீசன்ல விட்ட டாக்சி ஓட்டத்தைச் சேர்த்தா அதுவும் இல்ல.

மறுபக்கமும் இருக்கு. 50,000க்குக் குத்தகைக்கு விட்ட மேல் தோட்டத்துக்கு அதே ஆலங்கட்டிதான். குத்தகைக்காரர் வந்து பார்த்துட்டு மிச்ச 30,000 தர முடியாதுன்னாரு. பேசிப் பேசி 8,000 குடுத்தாரு. அவங்களுக்கு வந்தது 28,000. எழுத்துல ஒண்ணும் இல்ல, ஆலங்கட்டி விழுந்தா நஷ்டம் யாருதுன்னு யாரும் முன்னாடி பேசவே இல்ல. அவரு ஏமாத்துனாருன்னு சொல்ல மாட்டேன், அவரும் கடன் வாங்கித்தான் அட்வான்ஸ் குடுத்திருப்பாரு. ஆனா 55,000ங்கிறது அந்த வருஷம் இவங்க கைக்கு முழுசா வந்திருக்கும்னு நம்புறதுக்கு இடமில்ல.

அப்புறம் அந்த எடை. ஆலங்கட்டி அடிச்சு, நூத்துக்கு 28 காயைக் கையால இறக்குனதுக்கு அப்புறமும் 900 கிலோ. அடி படாத வருஷமா இருந்தா 1,200 கிலோவுக்கு மேல. மண்டி விலை 85க்கே போட்டாலும் லட்சத்தைத் தாண்டுது. பெரியவர் அந்த ராத்திரி நோட்டை ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்ததா மருமகள் சொன்னாங்க. ஐந்நூறு அறுநூறுன்னு இருபது வருஷமா சொல்லிட்டு இருந்தவரு.

திரும்ப நடந்தா எதை மாத்துவாங்க

பங்குனிலயே காயைக் கிள்ளிக் குறைப்பாங்க, இதைப் பெரியவரே சொன்னாரு. ஆலங்கட்டி விழுந்தா ஐஸை விட்டுட்டு மரம், காய், தரையில விழுந்தது, இதையெல்லாம் அன்னைக்கே படம் எடுக்கணும், விழுந்த காயை அள்ளுறதுக்கு முன்னாடி எண்ணணும். நாலு நாள் காத்திருக்காம ரெண்டாவது நாளே காயை எண்ணிப் பார்த்திருக்கணும், அந்த நாலு நாள்ல அழுகல் கொஞ்சம் பரவுனது நிஜம். தழும்பு பழத்தையும் நல்ல பழத்தையும் ஒரே சாக்குல பரப்பக் கூடாது. ஒரு ஞாயித்துக்கு 150 கிலோவுக்கு மேல கொண்டு போகக் கூடாது, மழை வந்தா திரும்பிக் கொண்டு வர்ற பழத்துக்கு வழி இல்ல.

நான் மாத்துவேன்னு ஒண்ணு இருக்கு. விலையை ஏத்துனப்ப தப்புன்னு சொன்னேனே, அடுத்த தடவை அந்த மாதிரி நேரத்துல வாயை மூடிட்டு ஒரு ஞாயிறு பொறுத்துப் பார்ப்பேன்.

அடுத்த பூ

2026 தை கடைசில மறுபடி பூத்துச்சு, குத்தகைக்காரரும் வந்தாரு. அதே ஆளு. பெரியவர் இந்த தடவை மரத்தைச் சுத்தி வரல, திண்ணையிலயே உக்காந்து நோட்டை எடுத்துக் குடுத்தாரு. அவரு படிச்சுட்டு, "அண்ணே, இதெல்லாம் நீங்க எழுதுனதா"ன்னு கேட்டாரு. "எம் மருமகப்புள்ள எழுதுச்சு"ன்னாரு பெரியவர்.

வீட்டுக்கு எட்டத்துல இருக்கிற 40 மரம் மட்டும் குத்தகைக்கு, 60,000. வீட்டை ஒட்டி இருக்கிற 22 மரம் இவங்களுக்கு, அது சந்தைக்கு, மகன் டாக்சியை விட வேண்டியதில்ல. வெள்ளைத்தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க: ஆலங்கட்டி விழுந்தா மூணு நாளுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு மரத்துல 250 காய் எண்ணணும், ஆழமா காயம் பட்டது எத்தனை சதவீதமோ குத்தகைத் தொகைல அந்த அளவு நஷ்டத்தை ஆளுக்குப் பாதியா ஏத்துக்கணும். குத்தகைக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னாரு, மொத்தம் எத்தனை கிலோ பறிச்சாருன்னு சீசன் முடிஞ்சதும் அவரும் எழுதிக் குடுப்பாராம். அது அவராவே சொன்னது.

பட்டா மாத்துறதுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, வாரிசு சான்று வந்தாச்சு, பெரியவரோட தங்கச்சி ரெண்டு பேரு கையெழுத்து இன்னும் பாக்கி. 22 மரத்துக்கு நடுவுல ரெண்டு தேனீப் பெட்டி வெச்சிருக்காங்க. நான் இதை எழுதுற இன்னைக்கு காய் கோலிகுண்டு அளவு, காலைல பெரியவரும் அவரு சம்சாரமும் கொத்துக்கு ரெண்டு காய் விட்டுட்டு மிச்சத்தைக் கிள்ளிட்டு இருக்காங்க.